தம்பிக்கு நாலு லிட்டர், அக்காவுக்கு மூணுக்கும் கம்மி: ஊதும் டெஸ்ட் பற்றி இளவயதினர் கேட்கும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் நுரையீரல் பரிசோதனைக் கருவியில் ஆட்களை ஊதவைப்பது என் வேலை. ஸ்பைரோமெட்ரி, பி.எஃப்.டி. என்று சீட்டில் எழுதியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் "ஊதுற டெஸ்ட்" என்றுதான் சொல்வார்கள். வீசிங் இருப்பவர்கள் மட்டும் வருவதில்லை. கம்பெனியில் சேருவதற்கு முன் ஃபிட்னஸ் சான்றிதழ் கேட்டு வருகிற பையன்கள், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருகிற கல்லூரிப் பெண்கள், காலேஜ் புராஜெக்டுக்காகத் தோழிகளோடு கும்பலாக வருகிறவர்கள் என்று பல ரகம். ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்கிற கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. எண்களை எப்படிப் படிப்பது என்பது மட்டுமே என் பொறுப்பு.

நானும் தம்பியும் ஒரே நாளில் ஊதினோம். அவனுக்கு 4.0 லிட்டர் வந்தது, எனக்கு 2.8 தான். என் நுரையீரல் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. முழு மூச்சை இழுத்து, ஒட்டக் காலி ஆகும்வரை ஊதினால் வெளியே வரும் மொத்தக் காற்றை எஃப்.வி.சி. என்பார்கள். 170 செ.மீ. உயரமுள்ள 21 வயதுப் பையனுக்கு நம் பக்கத்தில் அது 4 லிட்டர் அளவில் இருக்கும். 157 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இரண்டுமே நார்மல்தான். பெண்களின் நுரையீரல் கொள்ளளவுகள் ஆண்களைவிட ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் குறைவு என்றுதான் மருத்துவப் பாடநூல்களே சொல்கின்றன.

உங்கள் லிட்டரைத் தம்பியின் லிட்டரோடு ஒப்பிடக் கூடாது. உங்கள் வயது, உயரம், பாலினம் உள்ள ஆரோக்கியமான ஆட்களுக்கு எவ்வளவு வரும் என்று கருவி ஒரு கணக்குப் போட்டு, அதைப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அதோடு. உங்களுக்கு எதிர்பார்த்தது 2.9, வந்தது 2.8 என்றால் கவலையே வேண்டாம். தம்பிக்கு எதிர்பார்த்தது 4.0 ஆக இருந்து, வந்தது 3.1 மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவன் எண் உங்கள் எண்ணைவிடப் பெரியதுதான். ஆனால் டாக்டரிடம் போக வேண்டியவன் அவன்.

உயரம் ஒன்றாக இருந்தாலுமா வித்தியாசம் வரும்?

வரும். ஒரே உயரம், ஒரே வயதுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டாலும் பெண்ணின் நுரையீரல் சுமார் 10 முதல் 12 சதவீதம் சிறியதாக இருக்கும். நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுப் பைகளின் அமைப்பில் குறை எதுவும் கிடையாது. மொத்த எண்ணிக்கைதான் கொஞ்சம் குறைவு. சராசரி மனிதருக்கு 48 கோடி அளவில் காற்றுப் பைகள் இருப்பதாகக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும்.

வித்தியாசம் பெரிதாவது வயதுக்கு வரும் பருவத்தில். பெண் பிள்ளைகளுக்கு உயரம் நின்றதும் நுரையீரல் வளர்ச்சியும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பையன்களுக்கு உயரம் நின்ற பிறகும் மார்புக்கூடு அகலமாகிக்கொண்டே போகும். அதனால் பெண்களின் நுரையீரல் 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொடும், ஆண்களுடையது இன்னும் சில வருடம் கழித்துத் தொடும். அதற்குப் பிறகு சில காலம் அப்படியே நின்று, முப்பதை ஒட்டி இருவருக்குமே மெல்ல இறங்க ஆரம்பிக்கும். முதல் நொடியில் ஊதும் காற்றில் வருடத்துக்கு 20 முதல் 30 மில்லி வரை குறைவது இயல்பு. இருபதுகளில் கையில் இருக்கும் மூலதனத்தை வைத்துத்தான் மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும். அதனால்தான் இந்த வயதில் ஒருமுறை ஊதிப் பார்த்து, ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் நிறைய எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

மூன்றைப் பார்த்தால் போதும். எஃப்.வி.சி. பற்றி மேலே சொன்னேன். அடுத்தது எஃப்.இ.வி.1: முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்பது. மூன்றாவது, இந்த இரண்டின் விகிதம். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் முதல் நொடியில் காற்று குறைவாக வரும், விகிதமும் இறங்கும். வீசிங்கைக் காட்டிக்கொடுப்பது இதுதான்.

இந்த விகிதத்தில் பெண்கள் ஆண்களைவிட ஒரு படி மேலே இருப்பார்கள். சின்ன நுரையீரல் சீக்கிரம் காலியாகிவிடும் என்பதே காரணம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 0.70க்குக் கீழே போனால்தான் அடைப்பு என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அது நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு ஓரளவு பொருந்தும். 20 வயதுப் பெண்ணுக்கு 0.75க்குக் கீழே இறங்கினாலே யோசிக்க வேண்டியிருக்கும். 0.72 என்று வந்ததைப் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டால், ஆரம்ப ஆஸ்துமா தப்பிவிடும். இப்போது வரும் கருவிகள் எல்.எல்.என். என்று ஒரு வரிசை அச்சிடுகின்றன. ஆரோக்கியமான 100 பேரில் கடைசி 5 பேர் எங்கே தொடங்குகிறார்களோ, அந்த எல்லை அது. உங்கள் எண் அதற்குக் கீழே இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஸ்ப்ரே கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். 170 மில்லி கூடியது. "போதாது" என்றார்கள். இது நியாயமா?

நல்ல கேள்வி. மூச்சுக்குழலை விரிக்கும் அந்த ஸ்ப்ரே மருந்தை இழுத்த பிறகு எஃப்.இ.வி.1 அல்லது எஃப்.வி.சி. 12 சதவீதமும் கூட வேண்டும், அதோடு 200 மில்லியாவது கூட வேண்டும் என்பது ரொம்ப வருடம் இருந்த விதி. 4 லிட்டர்க்காரருக்கு 200 மில்லி என்பது சில்லறை. குள்ளமான பெண்ணுக்கு அது பெரிய தொகை. ஒரே நோய், ஒரே அளவு முன்னேற்றம், ஆனால் அவருக்கு மட்டும் "இல்லை" என்று வந்துவிடும். 2021இல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவ சங்கங்கள் சேர்ந்து இந்த விதியை மாற்றின. எதிர்பார்க்கும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். பல இடங்களில் இன்னும் பழைய விதிதான் ஓடுகிறது. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எதிர்பார்க்கும் அளவு என்று ஒன்று போடுகிறார்களே, அது யாருடைய அளவு?

1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஊதும் கருவியைப் பற்றி எழுதினார். 2,000 பேருக்கு மேல் ஊதவைத்திருந்தார்: மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள். பட்டியலைப் பார்த்தாலே தெரியும், அது பெரும்பாலும் ஆண்களின் உலகம். உயரம் கூடக் கூடக் கொள்ளளவும் கூடும் என்று கண்டது அவர்தான். அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

ஐரோப்பியர்களின் அட்டவணையை நமக்குப் போட்டால் நம்மவர்களுக்கு 10 முதல் 15 சதவீதம் வரை குறைவாகவே காட்டும். நம் மக்களுக்கென்று எடுத்த அளவுகளும் உண்டு. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தார் 15 முதல் 40 வயது வரையுள்ள ஆரோக்கியமான ஆண்களையும் பெண்களையும் ஊதவைத்து 1990இல் வெளியிட்டது அப்படி ஒன்று. நம்மவர்களுக்குக் குறைவாக வருவதில் பிறப்பு எவ்வளவு, சிறுவயதுச் சாப்பாடும் புகையும் எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இனத்தைக் கணக்கில் சேர்க்காத புது அட்டவணை 2022இல் வந்திருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். எந்த அட்டவணை போடப்பட்டது என்று ரிப்போர்ட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். போன வருடம் ஒரு அட்டவணை, இந்த வருடம் வேறு அட்டவணை என்றால் சதவீதத்தை ஒப்பிடாதீர்கள், லிட்டரை ஒப்பிடுங்கள்.

ரிப்போர்ட்டே தப்பாக வர வாய்ப்பு உண்டா?

நிறைய உண்டு. முதலில், பெயர் போடும் இடத்திலேயே. பாலினக் கட்டத்தில் முந்தைய ஆளுடைய "ஆண்" அப்படியே நின்றுவிட்டால், முழு ஆரோக்கியமான பெண்ணுக்கும் சதவீதத்தைக் குறைத்துக் காட்டி "நுரையீரல் சுருக்கம் இருக்கலாம்" என்று கருவியே ஒரு வரி எழுதிவிடக்கூடும். உயரத்தை வாயால் கேட்டுப் போடுவதும் தப்பு. எல்லாப் பையன்களும் அஞ்சே முக்கால் அடிதான், கேட்டால்! 5 செ.மீ. கூட்டிச் சொன்னாலே எதிர்பார்க்கும் அளவு 200 மில்லி அளவுக்கு ஏறிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு நிற்கவைத்து அளக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் வயது, உயரம், பாலினம் மூன்றையும் முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது ஊதும் விதம். இங்கேதான் பெண்கள் அநியாயத்துக்கு மார்க் இழக்கிறார்கள். மூக்கில் கிளிப், வாயில் குழாய், கன்னம் உப்பி முகம் சிவந்துபோகும், எதிரே முன்பின் தெரியாத ஆள் "ஊது ஊது ஊது, விடாதே, இன்னும் இன்னும்" என்று கத்துவார். அறைக்கு வெளியே வரிசை நிற்கும், கதவு பாதி திறந்திருக்கும். ஒரு பெண் இருமல் வந்துவிடுமோ, எச்சில் வடியுமோ என்று கூச்சப்பட்டுப் பாதியிலேயே வாயை எடுத்துவிடுவார். அல்லது உதட்டை இறுக்காமல் ஓரமாகக் காற்றை விடுவார். வரைபடத்தில் மலை உச்சி எழும்பாமல் மழுங்கிப்போயிருக்கும். பையன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்கு இது போட்டி மாதிரி. அதிலும் ஒரு தொல்லை உண்டு: முழுசாக இழுக்காமலே வேகமாக ஊதிவிட்டு "எப்படி?" என்று பார்ப்பார்கள்.

குறைந்தது மூன்று தடவை சரியாக ஊத வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எட்டுத் தடவை வரை முயலலாம். இறுக்கமான உள்ளாடை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, ஜீன்ஸ் பெல்ட் எல்லாம் மூச்சைப் பிடிக்கும். தளர்வாக உடுத்தி வாருங்கள். பெண் ஊழியர் வேண்டும், கதவைச் சாத்துங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் கதவைச் சாத்த ஆரம்பித்த பிறகு பெண்களை மறுபடி மறுபடி ஊதவைப்பது குறைந்திருக்கிறது.

நான் திருநங்கை. என்ன பாலினம் போடச் சொல்வது?

இப்போதைய வழிமுறைப்படி பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம்தான் கணக்குக்கு. நுரையீரலின் அளவு பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில் முடிவாகிவிடுவதால், பிறகு எடுக்கும் ஹார்மோன் அதை மாற்றுவதில்லை. கணக்குக்காகக் கேட்கிறார்கள் என்பது வேறு, உங்களைப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுவது வேறு. இரண்டாவதை எந்தக் கருவியும் தடுக்கவில்லை.

போலீஸ் செலெக்‌ஷனில் பையன்களுக்கு மார்பு அளக்கிறார்கள், எங்களுக்கு அளப்பதில்லை. ஏன்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்களின் மார்பு சாதாரணமாக 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும் என்பது விதி. பெண்களுக்கு இந்த அளவு கேட்பதில்லை. டேப் சுற்றி அளப்பது பெண்களின் உடலமைப்புக்குப் பொருந்தாது. உண்மையில் அது நுரையீரலை அளக்கும் கருவியும் கிடையாது. விலா எலும்பும் தசையும் எவ்வளவு அசைகின்றன என்பதை மட்டும் காட்டும். கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் பயிற்சி எடுக்கும் எந்தப் பையனைக் கேட்டாலும், முதல் அளவின்போது மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு நிற்கும் தந்திரத்தைச் சொல்லித் தருவான்.

எனக்கு விசித்திரமாகப் படுவது ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். வேகத்தில் சலுகை தருவதற்கு உடலியல் காரணம் உண்டு, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். தூரத்தை இவ்வளவு குறைத்ததற்கு அப்படி ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பெண்களின் உதரவிதானம், அதாவது மூச்சுக்கு முக்கியமான அந்தத் தசை, ஆண்களுடையதைவிடத் தாமதமாகத்தான் களைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதுச்சேரி காவல் துறையின் விதிகள் தனி. விண்ணப்பிக்கும்போது அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.

ஒன்றாக ஓடினால் எனக்கு மட்டும் ஏன் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது? டெஸ்ட் நார்மல் என்கிறார்களே?

இதற்கு இரண்டு பதில். முதல் பதில் உடலமைப்பு. ஒரே அளவு நுரையீரல் உள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டாலும், பெரிய மூச்சுக்குழல்கள் பெண்ணுக்குக் குறுகலாகவே இருக்கின்றன. சும்மா இருக்கும்போது இது தெரியாது. நிமிடத்துக்கு 90 லிட்டருக்கு மேல் காற்று போய்வரும் கடுமையான ஓட்டத்தில், அதே காற்றை இழுக்கப் பெண்ணின் மூச்சுத் தசைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்கின்றன. இதயமும் சற்றுச் சிறியது. அதனால் ஓட்டத்தில் உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்ஸிஜன் அளவும் குறைவு.

இரண்டாவது பதில் ரத்தம். நம் ஊரில் இதுதான் பெரிய பதில் என்று நான் நினைக்கிறேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 15 இருக்கும் பையனின் 100 மில்லி ரத்தம் சுமப்பது 20 மில்லி. 9 இருக்கும் பெண்ணின் ரத்தம் சுமப்பது 12 மில்லி. நுரையீரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் லாரி இல்லாமல் சரக்கு எப்படிப் போகும்? இன்னொன்று: கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல் கிளிப் கருவி இந்தப் பெண்ணுக்கும் 98 என்றுதான் காட்டும். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே ஊதும் டெஸ்ட் நார்மல், மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் அடுத்தது ஹீமோகுளோபின் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். மாதவிடாயில் அதிகப்படியாகப் போகிறது என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும்போது ஒரு விஷயம்: சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் இரும்பு சேருவதைக் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது.

வீட்டில் மூன்று பந்து கருவி இருக்கிறது. எனக்கு இரண்டு பந்துதான் ஏறுகிறது, அண்ணன் மூன்றையும் ஏற்றுகிறான்.

அது ஊதும் கருவியே இல்லை, இழுக்கும் கருவி. முதல் பந்து ஏற நொடிக்கு 600 மில்லி வேகமும், இரண்டாவதுக்கு 900மும், மூன்றாவதுக்கு 1,200மும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே கோடு. வயது, உயரம், பாலினம் எதையும் பார்ப்பதில்லை. ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் விரிவதற்கான பயிற்சிக் கருவி அது. இரண்டு பந்தை நிதானமாகத் தூக்கி நிறுத்துவது, மூன்றையும் வெடுக்கென்று இழுத்துத் தள்ளுவதைவிட நல்ல பயிற்சி. வாட்ஸ்அப்பில் வரும் "சிவப்புப் புள்ளி நகரும்வரை மூச்சைப் பிடித்தால் நுரையீரல் சூப்பர்" வீடியோவையும் இதே கணக்கில் தள்ளுங்கள். மூச்சைப் பிடிப்பது பெருமளவு மன உறுதியும் பழக்கமும்தான்.

யோகா, பிராணாயாமம் செய்தால் நுரையீரல் பெரிதாகுமா?

வளர்ந்த நுரையீரல் பெரிதாகாது. மூச்சுத் தசைகள் பலப்படும். அந்த பலமே பெரிய லாபம். புதுச்சேரி ஜிப்மரில் உடலியல் துறையினர் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகா பயிற்சி கொடுத்து 1992இல் ஆய்வு வெளியிட்டார்கள். மூச்சை இழுக்கும் அழுத்தம், வெளியே தள்ளும் அழுத்தம், மூச்சு தாங்கும் நேரம், கைப்பிடி வலு எல்லாமே கூடியிருந்தன. நீச்சலுக்கும் இதே பலன் உண்டு. ஆனால் யோகா செய்கிறேன் என்று ஆஸ்துமா ஸ்ப்ரேயை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வீசிங் கூடுகிறது. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. சின்ன வயதில் ஆஸ்துமா பையன்களுக்குத்தான் அதிகம். வயதுக்கு வந்தபின் கணக்கு தலைகீழாகி, பெண்களுக்கு அதிகமாகிறது. ஆஸ்துமா உள்ள பெண்களில் கணிசமானவர்களுக்கு மாதவிடாயை ஒட்டி இளைப்பு கூடுகிறது, ஹார்மோன் ஏற்ற இறக்கமே முக்கியக் காரணம். எவ்வளவு வேகமாக ஊதுகிறீர்கள் என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவி ஒன்று வாங்கி, காலையும் மாலையும் ஊதி, காலண்டரில் தேதியோடு குறித்துவாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒழுங்கு தெரிந்துவிடும். அந்தக் காலண்டரோடு டாக்டரிடம் போனால் மருந்தை அந்த நாட்களுக்கு ஏற்ப மாற்றித் தருவார். ஊதும் டெஸ்டையும் மாதத்தின் எந்த நாளில் செய்தீர்கள் என்று குறித்துவைப்பது நல்லது.

தினம் இரண்டு சிகரெட்தான். இந்த வயதில் என்ன ஆகிவிடும்?

நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் புகைத்தால் உச்சத்தையே தொடாமல் நின்றுவிடும். அமெரிக்காவில் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 1996இல் வந்த ஆய்வில், புகைத்த பெண் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி பையன்களைவிட அதிகம் தடைப்பட்டிருந்தது. சின்னக் குழாயில் அதே புகை போனால் சேதம் கூடத்தான் இருக்கும். இந்தியாவில் 2016-17 புகையிலைக் கணக்கெடுப்புப்படி புகைப்பவர்கள் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 2 சதவீதம். அதனால் இங்கே இது பெரும்பாலும் பையன்களின் தலைவலி. விட்டால் போன லிட்டர் திரும்பாது. ஆனால் அதற்குமேல் இறங்கும் வேகம் புகைக்காதவர்களின் வேகத்துக்கு வந்துவிடும். முப்பதுக்குள் விட்டால் லாபம் மிக அதிகம். இ-சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட சரக்கு, "அது ஆவிதான்" என்று யாரும் கதை சொல்ல வேண்டாம்.

நாங்கள் பெண்கள், புகைப்பதே இல்லை. எங்களுக்கு ஏன் இருமல்?

அடுப்பையும் கொசுவத்தியையும் மறந்துவிடுகிறீர்கள். மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வு அளந்து சொன்னது. ஹாஸ்டல் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு இரவெல்லாம் ஏற்றிவைப்பது வழக்கம். கொசுவலை வாங்குங்கள், அதற்கு மிஞ்சிய வழி இல்லை.

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தொழிலில் கொட்டையை வறுக்கும் புகையில் நின்று, உடைப்பதும் தோல் எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இருபது வயதில் இந்த வேலைக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது ஊதிப் பார்க்க வேண்டும். அவர்கள்தான் எங்கள் பக்கமே வருவதில்லை. கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஊதினால் காற்று மாசு பாதிப்பு தெரியுமா?

பாதிப்பு தெரியலாம், காரணம் தெரியாது. கருவி யார் மேலும் கைகாட்டாது. 2004 வாக்கில் குடிகாடு, ஈச்சங்காடு சுற்றுவட்டார மக்களே பக்கெட்டில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியதும், 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் கடலூர் 77.45 மதிப்பெண்ணோடு "மிகக் கடுமையாக மாசடைந்த" இடமாக வந்ததும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 70ஐத் தாண்டினாலே அந்தப் பெயர். இதில் ஆண், பெண் கணக்கு நேரடியானது இல்லை. ஒப்பந்த வேலைக்குப் போகும் ஆண், ஷிப்ட் நேரத்தில் அதிக அளவை வாங்குகிறார். வீட்டில் இருக்கும் பெண் குறைந்த அளவை நாள் முழுக்க வாங்குகிறார். தனி ஒருவரின் ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஊரில் பல பேர், வருடா வருடம், ஒரே கருவியில் ஊதிய கணக்கு இருந்தால் அதற்கு எடை உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

உடற்பயிற்சி விஷயத்தில் வித்தியாசம் உண்டா?

உடம்பில் இருக்கும் வித்தியாசத்தைவிட வாய்ப்பில் இருக்கும் வித்தியாசம் பெரிது. 2022 நிலவரப்படி இந்தியாவில் பெரியவர்களில் பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் தேவையான அளவு உடல் உழைப்பு இல்லாதவர்கள் என்று உலக அளவிலான ஒரு கணக்கு சொல்கிறது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்பதுதான் கேட்கப்படும் அளவு, அவ்வளவு பெரிதல்ல. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வண்டிகளை விடுவதில்லை என்பதால் அங்கே பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடம் இருந்தால் பெண்கள் நடப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். கடலூரில் சில்வர் பீச்சில் காலை பரவாயில்லை, இருட்டியபின் தனியாகப் போக யோசிக்கிறார்கள்.

பையன்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். கை பெருக்கும், மூச்சு பெருக்காது. எடை தூக்குவதோடு ஓட்டமோ சைக்கிளோ சேர வேண்டும். இன்னொன்றும் பையன்களுக்கு: இந்த வயதில் ரத்த அழுத்தம் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம் காணப்படுகிறது, ஆனால் பார்த்துக்கொள்வதே இல்லை. எங்கள் அறையில் உட்காரும் ஐந்து நிமிடத்தில் பி.பி.யும் பார்த்துவிடுங்கள்.

எடைக்கு நம்மவர்களின் அளவு தனி. பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே அதிகம். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. தொப்பை உதரவிதானத்தைக் கீழே இறங்கவிடாது, எஃப்.வி.சி. குறைந்துவிடும்.

எப்போது உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இரவில் மூச்சுத் திணறி எழுந்தால். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால். அதற்கு முதலில் சளிப் பரிசோதனை, ஊதும் டெஸ்ட் பிறகு. சளியில் ரத்தம் வந்தால். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலியோடு மூச்சு முட்டினால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காதீர்கள், குறிப்பாக ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர்கள். நுரையீரலிலிருந்து காற்று கசிந்து வெளியே தேங்குவது அவர்களுக்கு வரும். அந்த நேரத்தில் ஊதவே கூடாது.

டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம். லேசாகச் சாப்பிட்டு வாருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு இழுபடாது. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து சிகரெட்டும் ஓட்டமும் வேண்டாம். ஸ்ப்ரே எடுப்பவர்கள் எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும். சமீபத்தில் கண், நெஞ்சு, வயிறு ஆபரேஷன் ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் ஊதலாம், ஆனால் சொல்லிவிட்டு ஊதுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், செல்போனில் எடுத்த போட்டோவாக இருந்தாலும் போதும்.